வட்டத்தின் கீழே ஒரு கோடு

துணி துவைக்கும் மெஷினில் ஹீட்டர் செத்துப்போனால் வெளியே தெரியாது. புகை வராது, சத்தம் வராது. மெஷின் பாட்டுக்குத் தண்ணீர் எடுக்கும், சுற்றும், பிழியும், வேலை முடிந்துவிட்டது என்று கூவும். தண்ணீர் மட்டும் சில்லென்றே இருக்கும். வீட்டுக்காரர்கள் அதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சோப்புத்தூளைத் திட்டுவார்கள், குழாய்த் தண்ணீரைத் திட்டுவார்கள், காலரை அழுக்காக்குகிற கணவனைத் திட்டுவார்கள்.

டீச்சர் அப்படியில்லை. நான் போனை எடுத்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அறுபது டிகிரியில வைக்கிறேன். முன்னெல்லாம் ரெண்டு மணி நேரத்துல முடியும். இப்ப நாலு மணி நேரம் ஓடுது. அரை மணி கழிச்சுக் கதவுக் கண்ணாடியத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்ல. ஹீட்டர்தான்னு நான் நினைக்கிறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நான் நினைக்க என்ன இருக்கிறது, பாதி வேலையை அவரே முடித்திருந்தார். விலாசம் கேட்டேன். மூன்றாவது மாடி, படிக்கட்டை ஒட்டிய பச்சைக் கதவு என்றார். என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல டீச்சர். நாளைக்குக் காலையில வந்துடறேன்."

"நான் டீச்சர்னு உங்களுக்கு யார் சொன்னா?"

நான் போனை வைத்தேன். அந்தப் பச்சைக் கதவை எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக நான் சொல்லிச் சொல்லித் தேய்த்த ஒரு கதை அந்த வீட்டில்தான் நடக்கிறது. கதையின் நாயகன் டார்ச். நாலு வருஷமாக என் போனை எடுக்காதவனும் அவனே.

டார்ச்சும் நானும் ஒரே சர்வீஸ் சென்டரில் பதினோரு வருஷம் ஒரே வேனில் போனோம். முதலாளி ஆட்களை இரண்டிரண்டாகத்தான் அனுப்புவார். ஒருவன் மாட்ட வேண்டும், இன்னொருவன் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். மற்ற ஜோடிகள் அதைக் காற்றில் விட்டுவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதை ஒரு சர்க்கஸ் வித்தை மாதிரி ஆக்கி வைத்திருந்தோம்.

ஹீட்டர் என்பது கொண்டை ஊசி மாதிரி வளைந்த ஒரு கம்பி. மெஷினின் பின்பக்கமாக, டிரம்முக்கு அடியில் செருக வேண்டும். உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கிளிப் இருக்கும். கம்பியின் நுனி அந்தக் கிளிப்புக்குள் போய் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. உட்காராவிட்டால் கம்பி அந்தரத்தில் தொங்கும், டிரம் சுற்றும்போது அதில் உரசும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆகவே நான் பின்னால் உட்கார்ந்து மாட்டுவேன். டார்ச் முன்னால் மண்டியிட்டு, டிரம்முக்குள் தோள் வரைக்கும் தலையை விட்டு, டிரம்மைக் கையால் மெல்லத் திருப்பி, அதன் பொடி ஓட்டைகள் வழியாகக் கிளிப்பைத் தேடுவான். இரண்டு கையும் டிரம்மில் இருப்பதால் டார்ச் லைட் அவன் வாயில் இருக்கும். பட்டப்பெயர் வந்த வழி அதுதான். வாயில் விளக்கை வைத்துக்கொண்டு பேச முடியாதே, அதனால் தட்டுவான். நான் பின்னால் கம்பியைப் பிடித்து ஆட்டுவேன். நுனி கிளிப்பில் இருந்தால் ஒரு தட்டு. இல்லாவிட்டால் இரண்டு தட்டு. 'இல்ல'ன்னு சொல்லத்தான் தெம்பு அதிகம் வேணும் என்பான் அவன்.

முடிந்ததும் பின்பக்கத் தகட்டின் உள்பக்கம் தேதி எழுதுவோம். மாட்டியவன் குறி மேலே, பார்த்தவன் குறி கீழே. என் குறி வட்டம், அவனுடையது ஒரு கோடு. இந்த ஊரில் எத்தனை மெஷின்களின் முதுகுக்குள் எங்கள் வட்டமும் கோடும் இருட்டில் உட்கார்ந்திருக்கின்றன என்று வேனில் போகும்போது எண்ணிப் பார்ப்போம். ஆயிரத்தைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

அந்த வேனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு இளகிவிடும். இடது பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. ஒரே ஒரு பாட்டு கேசட்டு, அதுவும் மூன்றாவது பாட்டில் சிக்கிக்கொள்ளும். மத்தியானம் எங்காவது மர நிழலில் பின்கதவைத் திறந்து வைத்து, இரண்டு டிபன் பாக்ஸையும் ஒரு புது மோட்டார் பெட்டியின் மேல் பரப்பிச் சாப்பிடுவோம். அவன் மனைவி கொடுத்ததை நானும் என் மனைவி கொடுத்ததை அவனும் தின்போம், இரண்டு பேரும் அதை வீட்டில் சொன்னதில்லை. அவன் என்னை 'அவசரம்' என்று கூப்பிடுவான். நான் எதையும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் செய்வேன் என்பது அவன் கட்சி. எனக்கு அதில் ரோஷம் எல்லாம் இல்லை.

இனி அந்தக் கதை. என் மகள் பிறந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் டீச்சர் வீட்டில் ஹீட்டர் மாற்றிக்கொண்டிருந்தோம். பாதியில் எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் ஓடிவிட்டேன். மிச்ச வேலையை டார்ச் முடித்தான். ஒரு மாசம் கழித்து முதலாளிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. மெஷின் மாவு மில் மாதிரி அரைக்கிறது, வேறு கடையிலிருந்து ஆளை அழைத்துத் திறந்து பார்த்தேன், ஹீட்டர் கிளிப்பிலேயே இல்லை, உங்கள் ஆட்கள் இனி என் வாசற்படியை மிதிக்க வேண்டாம். நடுவில் இரண்டு இடத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு. முதலாளி அதை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்துவிட்டு, "யார் மாட்டினது?" என்றார்.

"நான் அன்னிக்குப் பாதியில போயிட்டேங்க. இவன்தான் மாட்டினான்" என்றேன்.

டார்ச் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு முதலாளியிடம், "ஆமாங்க, தப்பு என்னோடதுதான்" என்றான். மூன்று மாசம் அவனுக்கு வெளிவேலை இல்லை. கடையிலேயே உட்கார்ந்து பழைய பம்புகளைக் கழுவினான்.

ஊரெல்லாம் கிளிப்பைத் தேடி டிரம்முக்குள் தலையை விடுகிற டார்ச்சே கிளிப்பை மறந்தான் என்பதில் ஒரு நகைச்சுவை இருக்கிறதா இல்லையா? நான் அதை விடவில்லை. கடிதத்தை டீச்சர் குரலில் படிப்பேன், மாவு மில் சத்தம் போட்டுக் காட்டுவேன். புதிதாக வேலைக்கு யார் வந்தாலும் முதல் நாளே அந்தக் கதை அவர்கள் காதில் விழுந்துவிடும். எங்கள் கடையில் அரைகுறை வேலைக்கு 'டார்ச் வேலை' என்றே பெயர் வந்துவிட்டது. அவனும் கூடவே சிரிப்பான்.

நாலு வருஷத்துக்கு முன், முதலாளி கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கியபோது எல்லாருக்கும் விருந்து வைத்தார். டார்ச் புது மாப்பிள்ளையோடு வந்திருந்தான். எல்லாரும் கேட்டார்கள் என்று நானும் எழுந்து கதையைச் சொன்னேன். அன்றைக்குப் போல் என்றைக்கும் சொன்னதில்லை. கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். டார்ச் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் போனையும் எடுக்கவில்லை. ஒரு வேடிக்கையைத் தாங்க முடியாதவன் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். முறுக்கிக்கொண்டேனே தவிர, கடையை விட்டு வந்து தனியாகத் தொழில் பார்க்கிற எனக்கு, மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் அவன் ஞாபகம்தான் வரும்.

மறுநாள் காலை பச்சைக் கதவைத் தட்டினேன். டீச்சர் முழுக்க நரைத்திருந்தார், முதுகு மட்டும் வளையவில்லை. என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

"உங்கள எங்கயோ பார்த்திருக்கேன்."

"எங்கயாவது பார்த்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனேன்.

சமையலறையை ஒட்டிய சின்ன அறை. அதே மெஷின். இருபது வருஷத்து மெஷின், இன்னும் துரு இல்லை. பிளக்கைப் பிடுங்கினேன், குழாயை அடைத்தேன். முன்னால் கீழே இருக்கிற வடிகட்டியைத் திறந்து, மிச்சத் தண்ணீரைத் தட்டில் வடித்தேன். மெஷினை அசைத்து அசைத்து முன்னால் இழுத்து, பின்பக்கத் தகட்டின் ஆறு திருகுகளையும் கழற்றி, தகட்டை அப்படியே சுவரில் சாய்த்து வைத்தேன்.

ஹீட்டரின் பின்பக்கம் வெளியே தெரிந்தது. மின்சாரத்துக்கு இரண்டு முனை, நடுவில் எர்த்து. வயர்களை எடுக்கும் முன் போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் உள்ளங்கையில் பேனாவால் வரைந்துகொள்வோம். வயர்களைப் பிடுங்கிவிட்டு மீட்டரை வைத்தேன். நல்ல ஹீட்டர் என்றால் இருபத்தைந்து, முப்பது என்று ஒரு எண் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்துவிட்டது. அதோடு விடுவது என் வழக்கமில்லை. பக்கத்தில் சூட்டை அளக்கிற சின்ன சென்சார் ஒன்று இருக்கும். அதையும் உருவி, மீட்டரில் மாட்டி, உள்ளங்கையில் மூடிப் பிடித்தேன். கைச்சூட்டுக்கு எண் இறங்கியது. சென்சார் நல்லாயிருக்கிறது.

"நீங்க சொன்னது சரிதான் டீச்சர். ஹீட்டர்தான்."

"தெரியும்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் கையைக் காட்டினார். "அது என்ன எழுதியிருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். தகட்டின் உள்பக்கம் என் கையெழுத்தில் ஒரு தேதி. என் மகளின் பிறந்த தேதி. அதற்குக் கீழே ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"கம்பெனிக் குறி டீச்சர்" என்றேன்.

ஹீட்டரைக் கழற்ற ஆரம்பித்தேன். நடு நட்டை முழுசாக எடுக்காமல் பாதி தளர்த்தி, சுத்தியல் கட்டையால் லேசாக உள்ளே தட்டினால், சுற்றியிருக்கிற ரப்பர் இறுக்கத்தை விட்டுக்கொடுக்கும். பிறகு அப்படியும் இப்படியும் அசைத்து இழுக்க வேண்டும். கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. மனசு பதினெட்டு வருஷம் பின்னால் நின்றது.

வட்டம் என்றால் மாட்டியவன் நான்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஒவ்வொன்றாக. இதே தரை. இதே மாதிரி உட்கார்ந்து புது ஹீட்டரைச் செருகிக்கொண்டிருக்கிறேன். போன் அடிக்கிறது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "எப்போ? எந்த வார்டு?" என்று கேட்டபடியே வலது கையால் ஹீட்டரை உள்ளே தள்ளுகிறேன். நட்டை முடுக்குகிறேன். பழக்கதோஷத்தில் தகட்டில் தேதியும் வட்டமும் போடுகிறேன். எழுந்து ஓடுகிறேன். அவசரம் என்று அவன் எனக்குச் சும்மாவா பெயர் வைத்தான்?

பாதியில் போனது உண்மை. ஆனால் போவதற்கு முன்பே மாட்டிவிட்டுத்தான் போயிருக்கிறேன். கிளிப்பை மறந்தது நான்.

பழைய ஹீட்டர் கையோடு வந்தது. சுண்ணாம்பு படிந்து கட்டைவிரல் தடிமனுக்கு இருந்தது. கூடவே ஒரு சட்டைப் பட்டனும் ஒரு ஹேர்பின்னும். டீச்சர் ஹேர்பின்னை எடுத்துப் பார்த்து, "இது என் மருமகளோடது" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். என்னை மறுபடியும் பார்த்தார்.

"நீங்க அந்த ஓடினவர் இல்ல?"

"ஆமா டீச்சர்."

"அப்பவே நினைச்சேன். செருப்பக்கூடப் போடாம ஓடினீங்க. உங்க கூட வந்தவர் வாசல்ல அந்தச் செருப்பக் கையில வச்சுக்கிட்டு நின்னார். 'டீச்சர், தலைப்பிரசவங்க, அவன் தனியா நிப்பான், நான் போகணும்'னார். அஞ்சு நிமிஷத்துல மூடிட்டு அவரும் ஓடிட்டார். என்ன குழந்தை?"

"பொண்ணு. காலேஜ் போறா."

"நல்லாயிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஹேர்பின்னைக் கழுவப் போய்விட்டார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செருப்புக் கதை எனக்குத் தெரியாததா? அதையும் நான்தான் சொல்வேன், என் மகளுக்கு, அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும். 'அப்பா வெறுங்காலோட ஆஸ்பத்திரி வராந்தாவுல நடந்துக்கிட்டிருந்தேன். தரை ஐஸா ஜில்லிட்டது. பார்த்தா உன் டார்ச் மாமா ஒரு கையில என் செருப்பு, ஒரு கையில டீ பிளாஸ்க்கோட ஓடி வரான். நீ பொறக்கறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி.'

ஒரே நாளை இரண்டு கதையாகப் பிரித்து வைத்திருந்திருக்கிறேன். ஒன்று மகளுக்கு, ஒன்று ஊருக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவன் டிரம்முக்குள் தலையை விடாமல் போனது எனக்காகத்தான். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டே நான் ஊர் முழுக்க அவனைக் கேலி பேசியிருக்கிறேன்.

வெட்கத்தில் காது சுட்டது. பையில் தின்னர் பாட்டில் இருந்தது. அதில் துணியை நனைத்து மார்க்கர் மைமேல் ஒரு இழுப்பு இழுத்தால் வட்டம் போய்விடும். டீச்சருக்குக் கம்பெனிக் குறி. டார்ச்சுக்கு இது தெரியப் போவதில்லை. பொய் சொல்வானேன், பாட்டிலை எடுத்து மூடியையும் திறந்துவிட்டேன். அந்த வாசனை எங்கள் வேனின் வாசனை. மூடி வைத்துவிட்டேன்.

புது ஹீட்டரை எடுத்தேன். துளையைச் சுற்றித் துடைத்து, ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவி, நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து உள்ளே விட்டேன். நட்டைக் கையளவுக்கு முடுக்கினேன். பிறகு டார்ச்சுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. தகட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். தேதி, வட்டம், கீழே வெற்றிடம். ஒரு வார்த்தை எழுதவில்லை, எழுதக் கை வரவில்லை. அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. டீச்சர் காபி கொண்டுவந்து வைத்தார். காபி ஆறியது. ஒரு நாலு வருஷம் அங்கேயே கழிந்த மாதிரி இருந்தது.

போன் அடித்தது.

"டீச்சர் வீடா?" என்றான். ஹலோ கிடையாது, நலமா கிடையாது.

"ஆமா."

"ஹீட்டர் மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

"உட்கார்ந்துச்சா?"

"ஆட்டறதுக்கு நான் இருக்கேன். பார்க்கத்தான் ஆள் இல்ல."

"தகட்ட மூடாதே" என்று சொல்லி வைத்துவிட்டான்.

முக்கால் மணி நேரத்தில் வந்தான். முன்மண்டையில் முடி போய்விட்டது, தொப்பை வந்திருந்தது. செருப்பை என் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு, டீச்சருக்கு வணக்கம் சொன்னான். டீச்சர், "உங்க ஆட்கள் என் வாசற்படிய மிதிக்கக் கூடாதுன்னு ஒரு லெட்டர் எழுதினேன்" என்றார். "ஞாபகம் இருக்குங்க. ரெண்டு இடத்துல அடிக்கோடு போட்டிருந்தீங்க" என்றான் அவன். டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார். எங்களை விட்டுவிட்டு உள்ளே போனார்.

டார்ச் என் முகத்தைப் பார்க்கவில்லை. தகட்டின் முன் குந்தி உட்கார்ந்து, வட்டத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"மாட்டினது நான்டா" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் முதலாளிகிட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? நீ மாட்டினே. பார்க்க வேண்டியவன் நான். பார்க்காம மூடினேன். தப்பு என்னோடதுன்னு சொன்னேன், அது பொய்யில்லையே."

"செருப்ப எடுத்துக்கிட்டு வரத்தானே பார்க்காம மூடினே?"

அவன் தரையில் கிடந்த பழைய ஹீட்டரை எடுத்து, சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான்.

"பம்பு கழுவினது எனக்குப் பெரிசா தெரியல" என்றான். "நீ எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சதும் சரி. நீ சொன்னா எனக்கே சிரிப்பு வரும். அன்னிக்கு விருந்துல எல்லாரும் சிரிச்சு முடிச்சதும் மாப்பிள்ளை என் காதுகிட்டக் கேட்டார். 'இவ்வளவு கவனமான ஆள் அன்னிக்கு மட்டும் ஏன் மாமா பார்க்காம மூடினீங்க?'ன்னு. யோசிச்சுப் பார்த்தேன். இத்தனை வருஷமா நீ சொல்ற கதையில அதுக்குப் பதிலே இல்லடா. உனக்கு அது தோணவே இல்லையேன்னுதான்."

"மாப்பிள்ளைகிட்ட என்ன சொன்னே?"

"மறந்துட்டேன்னு சொன்னேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐம்பத்தாறு வயசு ஆள், கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, யார் வீட்டுச் சமையலறைப் பக்கத்திலோ உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினேன். மன்னிச்சுடுடா என்றேன். நான் அந்த வார்த்தையை அவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் ம் என்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, மெஷினின் முன்பக்கம் போய் மண்டியிட்டான்.

நான் பின்பக்கம் போனேன். கதவு திறக்கிற சத்தம். தோள் உரசுகிற சத்தம், முன்பைவிட உடம்பு பெருத்திருந்தது, உள்ளே போகக் கொஞ்சம் சிரமப்பட்டான். டிரம் மெல்லத் திரும்பியது. அதன் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் புள்ளிப் புள்ளியாக நகர்ந்து வந்து, தகடில்லாத முதுகு வழியாக என் கைமேல் விழுந்து நின்றது. ஹீட்டரைப் பிடித்து ஆட்டினேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவன் பார்க்கிறான் என்று தெரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

தட்டினான். டொக். ஒரு நொடி விட்டு, டொக்.

இரண்டு தட்டு. இந்தத் தடவையும் கிளிப்பில் இல்லை.

டிரம்முக்குள்ளிருந்து ஒரு மாதிரி சத்தம் வந்தது. என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து எட்டிப் பார்த்தேன். வாயில் விளக்கோடு சிரித்துக்கொண்டிருந்தான், தோள் குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. டீச்சர் உள்ளிருந்து, "என்ன ஆச்சு?" என்று குரல் கொடுத்தார். ஒன்றுமில்லை டீச்சர் என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம், அவன் சொன்னது மட்டும் புரியவில்லை.

நட்டைத் தளர்த்தி ஹீட்டரை முழுசாக வெளியே எடுத்தேன். அவசரப்படவில்லை. நுனியை அவன் வெளிச்சம் காட்டிய பக்கமாக இன்னும் கொஞ்சம் தூக்கி, விரல்நுனியில் அது கிளிப்பைத் தொடுவது தெரியும் வரை காத்திருந்து, பிறகு தள்ளினேன். ஆட்டினேன். ஒரே ஒரு தட்டு விழுந்தது. எத்தனையோ வீடுகளில் கேட்ட சத்தம்தான். அன்றைக்கு அதைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ சரியான இடத்தில் உட்கார்ந்தது.

நட்டை இறுக்கி, வயர்களைப் படத்தைப் பார்த்து மாட்டினேன். தகட்டில் பழைய தேதிக்குப் பக்கத்தில் இன்றைய தேதியை எழுதி வட்டம் போட்டேன். மார்க்கரை நீட்டினேன். அவன் கீழே கோடு போட்டான்.

"பழையதுக்கும் ஒரு கோடு போடுடா" என்றேன்.

"பார்க்காததுக்கு எப்படிக் கோடு போடறது? அது அப்படியே இருக்கட்டும்" என்று மார்க்கரை மூடிக் கொடுத்தான்.

மெஷினைத் தள்ளி வைத்து, அறுபதில் ஓட விட்டோம். இருபது நிமிஷம் மூன்று பேரும் நாற்காலி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். டீச்சர்தான் முதலில் கண்ணாடியில் கை வைத்தார். கையை எடுக்காமல் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்புறம் டார்ச் வைத்தான், அப்புறம் நான். வெதுவெதுவென்று இருந்தது.

கிளம்பும்போது வாசலில் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளைய வீட்டுல இருக்கச் சொல்லு. நான் வரேன். கதையோட மிச்சத்தச் சொல்லணும்."

"நீ சொன்னா நீளமா சொல்வே."

"இது சின்னக் கதைதான்."

அவன் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு படி இறங்கினான். நானும் பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே இறங்கினேன். அவன் நின்று, திரும்பி, என் காலைப் பார்த்தான்.

"போய்ச் செருப்ப மாட்டிக்கிட்டு வாடா அவசரம்" என்றான்.